பிரியும் செல்லெல்லாம் புற்றாகுமா?

(உயிரியல் மன்ற மாணவியர்)

இக்கல்வியாண்டின் தொடக்கத்தில் எங்கள் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் வெங்காய மணம் ஒரு வாரம் வரை போகவில்லை. காரணம் நாங்கள்தாம். செல் பிரிதலைக் கண்ணால் காணவேண்டுமென்று கண்ணாடிக் குவளைகளில் நீர் நிரப்பி, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெங்காயத்தை அமர்த்தி, வேர் விடக் காத்திருந்தோம். மூன்றே நாளில் வெள்ளை நூல்போல் வேர்கள் இறங்கின. காலை வேளையில் வேர் நுனிகளை வெட்டி எடுத்து, அசெட்டிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த நீர்மத்தில் ஊறவைத்து, பின் நீர்த்த அமிலத்தில் இளஞ்சூடாக்கி, அசெட்டோகார்மைன் சாயமேற்றி, ஸ்லைடின்மேல் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கினோம். இந்த நசுக்குதலில்தான் எல்லாம் இருக்கிறது. மெல்ல அழுத்தினால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். பலமாக அழுத்தினாலோ கிழிந்து போகும்.

எங்களில் ஒருத்தி திடீரென்று, "மெட்டாஃபேஸ்! மெட்டாஃபேஸ்!" என்று கூவினாள். ஓடிச்சென்று ஒவ்வொருவராக நுண்ணோக்கியில் கண் பதித்தோம். ஆம்! ஒரு செல்லின் நடுவே சிவப்புத் துணுக்குகள் சிதறிக் கிடந்தன. உட்கரு உறை இல்லை. குரோமோசோம்கள்தாம், ஐயமில்லை என்று முடிவு கட்டினோம். படம் வரையவும் தொடங்கிவிட்டோம். ஆசிரியை வந்து பார்த்தார். அந்தச் செல்லை ஒரு நொடி பார்த்துவிட்டு, ஸ்லைடை மெல்ல இடமும் வலமும் நகர்த்தினார். "இந்தச் செல்லை மட்டும் ஏன் பார்த்தீர்கள்? பக்கத்து வீடுகளைப் பார்த்தீர்களா?" என்றார். பார்த்தோம். சுற்றியிருந்த செல்கள் அத்தனையும் கிழிந்து, நைந்து, சாயம் சிந்திக் கிடந்தன. எங்கள் மெட்டாஃபேஸ் வெறும் நசுங்கிய செல்! வரைந்த படத்தை அழிப்பானால் அழித்தோம்.

அடுத்த மாதம் எங்கள் மன்றக் கூட்டத்திற்கு ஆசிரியையின் கல்லூரித் தோழி ஒருவர் வந்திருந்தார். அவர் நோயியல் மருத்துவர். நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்கும் வேலை அவருக்கு இல்லை. நோயாளியின் உடலிலிருந்து எடுத்த கடுகளவுத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்து, இது இன்ன நோய் என்று எழுதிக் கொடுப்பதே அவர் பணி. எங்கள் வெங்காயக் கதையை ஆசிரியை சொல்லிச் சிரித்தார். டாக்டர் அம்மா சிரிக்கவில்லை. "இதே தவறு மனித மூளையில் நடந்தால் என்ன ஆகும் தெரியுமா, பிள்ளைகளே?" என்று கேட்டார். அன்று அவர் சொன்னவற்றையும், அதன்பின் நாங்கள் நூலகத்தில் தேடிப் படித்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

மூளை என்றதும் நம் நினைவிற்கு வருவது நரம்பு செல், அதாவது நியூரான். நினைப்பதும் பேசுவதும் கை அசைப்பதும் அதன் வேலையே. ஆனால் மூளையில் நியூரான்கள் மட்டுமா இருக்கின்றன? பிரேசில் நாட்டு அறிவியல் அறிஞரான சுசானா ஹெர்குலானோ-ஹூசெல் என்னும் பெண்மணி, மூளைத் திசுவைக் கரைத்துக் குழம்பாக்கி, அதில் மிதக்கும் உட்கருக்களை எண்ணும் எளிய முறையொன்றைக் கண்டார். அவருடைய குழுவினர் 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கின்படி, வளர்ந்த மனிதரின் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள் உள்ளன. நியூரான் அல்லாத செல்களும் ஏறத்தாழ அதே அளவு! துணை செல்கள் பத்து மடங்கு என்று பழைய பாடநூல்களில் நம் அன்னையர் படித்திருப்பார்கள். எண்ணிப் பார்த்தபின் அக்கணக்கு நிற்கவில்லை.

இந்தத் துணை செல்களுக்கு 1856-இல் பெயர் சூட்டியவர் ருடால்ஃப் விர்ஷோ என்ற ஜெர்மானிய மருத்துவர். 'நியூரோகிளியா' என்றார். கிளியா என்றால் கிரேக்க மொழியில் பசை. நரம்புகளை ஒட்டி வைக்கும் பசை என்று அவர் எண்ணினார் போலும்! பாவம், எவ்வளவு உழைக்கும் செல்களுக்கு எவ்வளவு சாதாரணமான பெயர்! இவற்றுள் ஒரு வகை, தன் உடலிலிருந்து நாற்புறமும் கிளைகளை நீட்டிக்கொண்டு விண்மீன் போல் தோன்றும். ஆகவே 'ஆஸ்ட்ரோசைட்', அதாவது விண்மீன் செல் என்று பெயர் பெற்றது. ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ காஹால் 1913-இல் தங்க உப்பைக் கொண்டு சாயமேற்றும் முறையைக் கண்டபின்தான் இதன் முழு அழகும் தெரிந்தது.

விண்மீன் செல் என்ன செய்கிறது? வீட்டில் அன்னை என்ன செய்யவில்லை என்று கேட்பது போன்றது இக்கேள்வி. இரத்தக் குழாயின்மேல் தன் பாதங்களை ஊன்றி, இரத்தத்திலிருந்து கண்டதெல்லாம் மூளைக்குள் நுழையாதபடி காக்கும் அரணுக்குத் துணை நிற்கிறது. நியூரான் வேலை செய்தபின் வெளியே சிந்தும் பொட்டாசியத்தையும் குளூட்டமேட்டையும் வாரி எடுத்துத் துப்புரவு செய்கிறது. சர்க்கரையைக் கிளைக்கோஜனாகச் சேமித்து வைத்து, தேவையான நேரத்தில் நியூரானுக்கு எரிபொருள் தருகிறது. உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் 20 பங்கைச் செலவிடுகிறது அல்லவா? அந்தச் செலவுக் கணக்கில் விண்மீன் செல்லின் பொறுப்பு பெரிது.

அமைதியான காலத்தில் இச்செல் மிக அரிதாகவே பிரிகிறது. ஆனால் மூளைக்கு ஓர் இடர் வந்துவிட்டால்? அடிபட்டாலும், இரத்த ஓட்டம் தடைபட்டாலும், கிருமி புகுந்தாலும் விண்மீன் செல் விழித்தெழுகிறது. உடல் பருக்கிறது. உள்ளே நார்ப்புரதங்கள் நிறைகின்றன. உட்கரு ஓர் ஓரத்திற்குத் தள்ளப்படுகிறது. ஈயோசின் சாயத்தில் இளஞ்சிவப்பாக, உண்டு பெருத்த வயிறு போல் தோன்றும் இதனை 'ஜெமிஸ்டோசைட்' என்பார்கள். 'நிரம்பியது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். புண்ணைச் சுற்றி இச்செல்கள் ஒன்றோடொன்று கிளை கோத்து வேலி கட்டுகின்றன. இவ்வேலைக்கு ஆள் போதாதபோது சில செல்கள் பிரியவும் செய்கின்றன. இங்கேதான் நம் கதை தொடங்குகிறது.

செல் பிரிதலைப் பற்றி நாம் வகுப்பில் படித்ததைச் சற்றே நினைவு கூர்வோம். 1882-இல் வால்டர் ஃபிளெம்மிங் என்பவர் சாலமாண்டர் என்னும் நீர்நில வாழ்வியின் இளம் உயிரிகளில் செல் பிரிவதைக் கண்டு விரிவான நூல் எழுதினார். உட்கருவினுள் நூல்கள் தோன்றுவதைக் கண்டதால் 'மைட்டாஸிஸ்' என்றார். மைட்டோஸ் என்றால் நூல். முதலில் குரோமோசோம்கள் தடிக்கின்றன. உட்கரு உறை மறைகிறது. கதிர் இழைகள் தோன்றி, குரோமோசோம்களைச் செல்லின் நடுவே காலை வணக்க வரிசை போல் நிறுத்துகின்றன. பின்பு இரு பாதிகளும் இரு துருவங்களுக்கு இழுக்கப்படுகின்றன. வெங்காயத்திற்கு 16 குரோமோசோம்கள், மனிதருக்கு 46. எண்ணிக்கை வேறாயினும் ஒழுங்கு ஒன்றே.

கதிர் இழைகள் இல்லையேல் இவ்வொழுங்கு இல்லை. இதற்குச் சான்று நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கில் கால்ச்சிசின் என்னும் நஞ்சு உள்ளது. வேலியோரத்தில் பூத்திருக்கும் அம்மலரைப் பார்த்து மகிழலாம். கிழங்கைத் தொட்டு விளையாடுவது கூடாது. கால்ச்சிசின் கதிர் இழைகளை உருவாக விடுவதில்லை. குரோமோசோம்கள் தடித்து நிற்கும், ஆனால் வரிசையில் நிறுத்த ஆளில்லை. ஆசிரியை வராத வகுப்புப்போல் சிதறிக் கிடக்கும்! இந்தத் தன்மையைப் பயன்படுத்தித்தான் ஜியோ, லெவான் என்னும் இருவர் மனித செல்லின் குரோமோசோம்களைத் தனித்தனியே பிரித்து எண்ணி, 46 என்று 1956-இல் உலகிற்கு அறிவித்தார்கள். அதுவரை 48 என்றே பாடநூல்கள் கூறிவந்தன.

இப்போது மீண்டும் மூளைக்கு வருவோம். ஹான்ஸ் கெர்ஹார்ட் க்ராய்ட்ஸ்ஃபெல்ட் என்ற ஜெர்மானிய மருத்துவரின் பெயர் வேறொரு கொடிய மூளை நோயுடன் சேர்த்தே பெரும்பாலும் பேசப்படுகிறது. 1920-இல் அவரும், 1921-இல் அல்ஃபோன்ஸ் யாக்கோபும் எழுதிய நோய் அது. ஆனால் நாங்கள் சொல்ல வந்தது, அவர் 1923-இல் எழுதிய மற்றொரு கட்டுரையைப் பற்றி. நரம்பின் உறை அழியும் நோயினால் இறந்த ஒருவரின் மூளையை ஆராய்ந்தபோது, பருத்த விண்மீன் செல்கள் சிலவற்றில் அவர் ஒரு விந்தையைக் கண்டார். உட்கரு ஒன்றாக இல்லை. உறை மறைந்து, குரோமாட்டின் பொருள் சிறு சிறு மணிகளாகச் செல்லெங்கும் சிதறிக் கிடந்தது. தட்டில் கொட்டிய கடுகு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரியத் தொடங்கிய செல், ஆனால் வரிசையில் நிற்காத குரோமாட்டின்! மெட்டாஃபேஸின் நேர்க்கோடு இல்லை. அனாஃபேஸின் இரு பிறைகளும் இல்லை. கால்ச்சிசினுக்கு இங்கே வேலை ஏதுமில்லை. காட்சிக்கு மட்டுமே அதனோடு ஒப்புமை. இத்தகைய செல்லை 'க்ராய்ட்ஸ்ஃபெல்ட் செல்' என்பார்கள். பின்னர் இதைப் பற்றி எழுதிய கெர்ட் பீட்டர்ஸ் என்பவரின் பெயரையும் சேர்த்துச் சொல்வதுண்டு. இம்முறைதவறிய பிரிவுக்கு 'மணிமணியான மைட்டாஸிஸ்' என்று பொருள்படும் பெயரும் வழங்குகிறது.

க்ராய்ட்ஸ்ஃபெல்ட், அல்சைமர் தலைமை வகித்த பிரெஸ்லாவ் நகர மருத்துவ மனையில் பணியாற்றியவர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். அந்நகரம் இன்று போலந்து நாட்டில் வ்ரோட்ஸ்வாஃப் என்று வழங்கப்படுகிறது. மறதி நோயால் நமக்கெல்லாம் பெயர் தெரிந்த அதே அல்சைமர், கல்லீரலும் மூளையும் ஒருங்கே கெடும் நோயில் விண்மீன் செல்களின் உட்கருக்கள் விகாரமாக மாறுவதை 1912-இல் விவரித்திருந்தார். நியூரானையே எல்லோரும் நோக்கியிருந்த காலத்தில், பசை என்று ஒதுக்கப்பட்ட செல்லின் முகத்தைப் பார்த்துப் பழகிய மருத்துவ மனை அது.

சரி, ஒரு செல் விகாரமாகப் பிரிந்தால் அதனால் நமக்கென்ன? இக்கேள்வியை எங்களில் ஒருத்தி துணிந்து கேட்டே விட்டாள். டாக்டர் அம்மா, தம்மிடம் வந்த ஒரு பெண்ணின் கதையைச் சொன்னார். பெயரும் ஊரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அப்பெண்ணுக்கு வயது முப்பதுக்குள். ஒரு குழந்தைக்குத் தாய். இரண்டு வாரமாக வலக்கையில் வலுவில்லை. தோசைக் கரண்டி நழுவி விழுகிறது. ஒரு நாள் வலிப்பு வந்துவிட்டது. ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடப்பக்கத்தில் எலுமிச்சங்காய் அளவில் ஒரு கட்டி! (இடப்பக்க மூளைதான் வலக்கையை ஆள்கிறது என்பதைத் தோழியர் அறிவீர்கள்.) மண்டையோட்டில் சிறு துளையிட்டு, ஒரு துணுக்குத் திசுவை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதைப் பார்த்தவர்கள், பருத்த விண்மீன் செல்கள் நிறைய, விகாரமாகப் பிரியும் செல்களும் உண்டு, ஆகவே வீரியம் மிக்க மூளைப் புற்று என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த ஒரு வரியின் பொருள் என்ன? கதிர்வீச்சுச் சிகிச்சை, அதாவது நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்பார்களே, அது வாரத்திற்கு ஐந்து நாளாக ஆறு வாரம். கூடவே புற்றை அழிக்கும் மாத்திரை. அத்துடன், இன்னும் எத்தனை மாதம் என்று கணவரைத் தனியே அழைத்துச் சொல்லும் அந்தப் பேச்சு. சிகிச்சை தொடங்க நாளும் குறித்துவிட்டார்கள். அதற்குள் உறவினர் ஒருவர், இன்னொரு முறை பார்க்கட்டுமே என்று ஸ்லைடுகளை வாங்கிக்கொண்டு பேருந்தேறி வந்து டாக்டர் அம்மாவிடம் சேர்த்தார்.

"நானும் முதலில் அந்தப் பிரியும் செல்லைத்தான் பார்த்தேன், அம்மா. கண்ணை இழுத்துவிடும் அது. அப்புறம்தான் பக்கத்து வீடுகளைப் பார்த்தேன்" என்றார். எங்கள் ஆசிரியை எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

பக்கத்து வீடுகளில் யார் இருந்தார்கள்? நுரை போன்ற உடலுடன் கூட்டங்கூட்டமாக வேறொரு வகை செல்கள். அவை மேக்ரோஃபேஜ்கள், அதாவது குப்பையை விழுங்கும் செல்கள். இரத்தக் குழாய்களைச் சுற்றி லிம்ஃபோசைட்டுகளும் காவலர்போல் நின்றன. மூளைப் புற்று என்றால் இத்தனை குப்பை அள்ளுவோருக்கு அங்கே என்ன வேலை? எதை விழுங்குகிறார்கள்? இக்கேள்விக்கு விடை காண இரண்டு சிறப்புச் சாயங்களை ஏற்றினார்.

இங்கே மையலின் உறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மின்கம்பிக்கு ரப்பர் உறை போல, நியூரானின் நீண்ட இழையான ஆக்சானுக்கு மையலின் என்னும் கொழுப்பு உறை உண்டு. ஆலிகோடென்ட்ரோசைட் என்னும் மற்றொரு துணை செல் அதைச் சுற்றித் தருகிறது. சிலருக்கு உடலின் காவற்படையே தவறுதலாக இந்த உறையைத் தாக்கி அழிக்கிறது. 1868-இல் பாரிஸ் நகரில் ஷார்க்கோ என்னும் மருத்துவர் தெளிவுபட விவரித்த 'மல்ட்டிபிள் ஸ்க்ளீரோஸிஸ்' என்னும் நோய் இதுவே. ஆண்களைவிடப் பெண்களையே இது அதிகம் பற்றுகிறது. அதுவும் இருபது முதல் நாற்பது வயதுக்குள். குளிர் மிகுந்த வட நாடுகளைப் போல் நம் நாட்டில் அதிகம் காணப்படுவதில்லை. ஆயினும் இல்லாமல் இல்லை. வழக்கமாகச் சிறு சிறு தழும்புகளாக வரும் இந்நோய், அரிதாக 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட ஒற்றைக் கட்டியாகத் தோன்றி, ஸ்கேனில் புற்றைப் போலவே வேடம் போடும்.

லக்சால் ஃபாஸ்ட் ப்ளூ என்னும் சாயம் மையலினுக்கு நீல நிறம் கொடுக்கும். அப்பெண்ணின் திசுவில் நீலம் இருக்கவேண்டிய இடம் வெளிறிக் கிடந்தது. நுரைத்த மேக்ரோஃபேஜ்களின் வயிற்றினுள்ளோ நீலத் துணுக்குகள்! திருடிய பொருள் மடியிலேயே இருந்தது என்று சொல்லலாம். அடுத்து, ஆக்சானைக் கருப்பாகக் காட்டும் வெள்ளிச் சாயம். உறை போன இடத்தில் ஆக்சான் இழைகள் பெரும்பாலும் அறுபடாமல் ஓடிக்கொண்டிருந்தன. உறை மட்டும் அழிந்திருக்கிறது, கம்பி இருக்கிறது. விகாரமாகப் பிரிந்த அந்த விண்மீன் செல்கள், தீப்பிடித்த வீட்டிற்குத் தண்ணீர்க் குடத்துடன் ஓடிவந்தவர்கள். அவர்களையே தீ வைத்தவர்கள் என்று பிடித்திருக்கிறார்கள்!

உடனே தொலைபேசியில் அறுவை மருத்துவரை அழைத்துச் சொன்னார். கதிர்வீச்சு நிறுத்தப்பட்டது. மையலின் அழியும் நோயுள்ள மூளையில் கதிர்வீச்சைச் செலுத்தினால் நோய் மேலும் கெடக்கூடும் என்பதை மருத்துவர்கள் அனுபவத்தில் அறிந்திருக்கிறார்கள். அதற்குப் பதிலாக அப்பெண்ணுக்கு மீத்தைல் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து ஐந்து நாள் சொட்டுச் சொட்டாக ஏற்றப்பட்டது. சில வாரங்களில் கை பிடிமானம் வந்தது. அடுத்த ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. நோய் தீர்ந்தது என்று கொள்ளவேண்டாம். இது திரும்பத் திரும்ப வரக்கூடியது. அவர் இன்றும் மருந்து எடுத்துக்கொள்கிறார். ஆனால் குழந்தைக்குத் தம் கையால் தலை பின்னி விடுகிறாராம்.

இவ்வளவு தெளிவான விஷயத்தில் முதலில் பார்த்தவர்கள் எப்படித் தவறினார்கள் என்று நாங்கள் கோபத்துடன் கேட்டோம். டாக்டர் அம்மா அவர்களை விட்டுக்கொடுக்கவில்லை. தாமும் பயிற்சிக் காலத்தில் இதே செல்லிடம் ஏமாந்து, மூத்தவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொன்னார். அறுவை நடக்கும்போதே விடை கேட்பார்கள். திசுவை உறையவைத்து, மெல்லிய சீவலாக்கி, சாயமிட்டு, இருபது நிமிடத்திற்குள் பதில் சொல்லவேண்டும். உறையவைத்த மூளையில் பனித்துகள்கள் ஓட்டை போட்டுவிடும். மேக்ரோஃபேஜின் நுரைத்த முகம் அடையாளம் தெரியாமல் போய், அதுவும் ஒரு புற்று செல்லைப்போல் காட்சி தரும். ஆகவே சிறிது திசுவை ஸ்லைடில் தேய்த்து இழுத்தும் பார்ப்பது நல்லது. அதில் மேக்ரோஃபேஜ் தெளிவாக நிற்கும். நாங்கள் வெங்காய வேரை நசுக்கியதற்கு இது நெருங்கிய உறவு!

இந்தத் தேய்க்கும் முறையைப் பற்றிப் படிக்கையில் நாங்கள் ஓர் அம்மையாரைச் சந்தித்தோம். லூயிஸ் ஐசன்ஹார்ட் என்பது அவர் பெயர். அமெரிக்காவில் 1891-இல் பிறந்தவர். ஹார்வி குஷிங் என்ற புகழ்பெற்ற மூளை அறுவை மருத்துவரிடம் 1915-இல் எழுத்துப் பணிக்கு உதவியாளராகச் சேர்ந்தார். குஷிங் எழுதியவற்றைச் சீர்செய்து கொடுத்தவருக்கு, அந்த எழுத்துகளின் பொருள்மேல் ஆர்வம் பிறந்தது. மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1925-இல் பட்டம் பெற்று, மீண்டும் குஷிங்கிடமே நோயியல் மருத்துவராக வந்தார். அறுவை நடக்கும்போதே திசுவைப் பார்த்து விடை சொல்லும் முறையை 1930-இல் இருவரும் சேர்ந்து வெளியிட்டார்கள். குஷிங் அறுவை செய்த ஒவ்வொரு கட்டியையும் ஐசன்ஹார்ட் தம் கையாலேயே பதிவேட்டில் குறித்து வைத்தார். நோயாளி பின்னர் எப்படி இருந்தார் என்பதையும் விடாமல் கேட்டுக் குறித்தார். இது மிக முக்கியம். தான் சொன்ன விடை சரியா என்பது பல ஆண்டு கழித்துத்தானே தெரியும்? 1944-இல் தொடங்கிய நரம்பு அறுவையியல் இதழுக்கு முதல் ஆசிரியர் இவரே. தட்டச்சுப் பொறியின் முன் தொடங்கிய வாழ்க்கை! எங்கள் வகுப்பில் தட்டச்சு பயிலும் தோழியர் மூவர் இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பிற்காலத்தில் வேறு பல கருவிகளும் வந்துள்ளன. விண்மீன் செல்லின் நார்ப்புரதத்தை லாரன்ஸ் எங் என்பவர் பிரித்தெடுத்து 1971-இல் வெளியிட்டார். எதிலிருந்து என்று நினைக்கிறீர்கள்? மல்ட்டிபிள் ஸ்க்ளீரோஸிஸ் நோயாளிகளின் மூளைத் தழும்புகளிலிருந்தே! ஆனால் அப்புரதம் விண்மீன் செல் எது என்று மட்டுமே காட்டும். நல்லதா கெட்டதா என்று சொல்லாது. ஜெர்மனியின் கீல் நகரத்தில் 1983-இல் வெளியான கி-67 என்னும் சோதனை, பிரியும் செல்களை எல்லாம் நிறமிட்டுக் காட்டுகிறது. கீல் நகரத்தின் முதலெழுத்துகளே அப்பெயரில் உள்ள 'கி'. இதுவும் பிரிகிறது என்று சொல்லுமேயன்றி, ஏன் பிரிகிறது என்று சொல்லாது. 2008-இல் மூளைப் புற்றுகளில் ஐ.டி.எச்.1 என்னும் ஜீனில் ஒரு மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. மாறிய அப்புரதத்தைக் காட்டும் சாயச் சோதனையும் மறு ஆண்டே வந்தது. காயத்திற்கு ஓடிவந்த விண்மீன் செல்லில் அம்மாற்றம் இராது. ஆகவே அது இருந்தால் புற்று என்று துணியலாம். இல்லையென்றாலோ, புற்றில்லை என்று துணிய முடியாது. முதியோருக்கு வரும் வீரியமிக்க மூளைப் புற்றுகளில் பெரும்பாலானவற்றில் அது இருப்பதில்லை.

மறுபுறத்தையும் டாக்டர் அம்மா மறைக்கவில்லை. க்ராய்ட்ஸ்ஃபெல்ட் செல்லைக் கண்டவுடன், அப்பாடா புற்றில்லை என்று பெருமூச்சு விடலாகாது. உண்மையான புற்றிலும் அச்செல் சில வேளை தலை காட்டும். இரத்த ஓட்டமின்றி மடிந்த மூளையிலும் காட்டும். ஜே.சி. என்னும் வைரஸ் ஆலிகோடென்ட்ரோசைட்டை அழிக்கும் ஒரு நோயில் விண்மீன் செல்கள் இதைவிடப் பன்மடங்கு பயங்கரமாக உருமாறும். ஸ்டீராய்டு கொடுத்தபின் எடுத்த திசுவில், லிம்ஃபோமா என்னும் வேறொரு புற்று கரைந்து மறைந்து, மேக்ரோஃபேஜ்கள் மட்டும் எஞ்சி நிற்பதும் உண்டு. ஸ்கேனைப் பார்க்கவேண்டும், வயதைக் கேட்கவேண்டும், எத்தனை நாளாக என்று விசாரிக்கவேண்டும், முன்பு என்ன மருந்து கொடுத்தார்கள் என்று அறியவேண்டும். விடை சொல்ல முடியாவிட்டால், இன்னும் சிறிது திசு வேண்டும் என்று எழுதக் கூச்சப்படக் கூடாது. இதைச் சொல்கையில் டாக்டர் அம்மாவின் குரல் சற்றுத் தாழ்ந்தது. ஒருவேளை கூச்சப்பட்ட நாள் ஒன்று நினைவுக்கு வந்ததோ என்னவோ.

அவர் விடைபெற்றுச் சென்ற மறுநாள் நாங்கள் மீண்டும் வெங்காயம் வாங்கினோம். இம்முறை நன்றாக நசுக்கினோம். மூவருக்கு அனாஃபேஸ் கிடைத்தது. ஒருத்திக்கு வாழைப்பழப் பிறைகள் இரண்டு எதிரெதிராக நிற்பது போன்ற மிக அழகான காட்சி. ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு ஸ்லைடை நகர்த்தினார், நாங்கள் மூச்சை அடக்கி நின்றோம். பக்கத்து செல்கள் எல்லாம் முழுதாக இருந்தன. பழைய ஸ்லைடை எறிந்துவிடலாம் என்றாள் அதைச் செய்தவள். ஆசிரியை வேண்டாம் என்று வாங்கி, அதன் ஓரத்தில் சிறு தாள் ஒட்டி, 'மெட்டாஃபேஸ் அன்று' என்று சிவப்பு மையில் எழுதினார். ஆய்வுக்கூட அலமாரியில் இரண்டாவது தட்டிலுள்ள மரப்பெட்டியில் அது இருக்கிறது. அடுத்த ஆண்டு வரும் தங்கையர் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.